முன்னாள் படைவீரர்க்கு ஓர் அமைச்சர்: நலமா, கடனா?

2023 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கால அட்டவணையை வகுத்தளித்தது. ‘ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்’ திட்டத்தின்கீழ் முன்னாள் படைவீரர்களுக்குச் சேர வேண்டிய நிலுவைத்தொகையை எவருக்கு முதலில் வழங்குவது, எவருக்கு அடுத்து வழங்குவது என்பதே அதன் உள்ளடக்கம். குடும்ப ஓய்வூதியம் பெறுவோருக்கும் வீரதீர விருதாளர்களுக்கும் ஏப்ரல் 30-க்குள். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஜூன் 30-க்குள். எஞ்சியோருக்கு 2024 பிப்ரவரி இறுதிக்குள் மூன்று தவணைகளில். கணவரை இழந்தவர்களை முன்னிறுத்தி, முதியோரை அடுத்து வைத்து அமைந்த இவ்வரிசையில் குறை காண இடமில்லை. நான்கு தவணைகளில் தருவதாகப் பாதுகாப்பு அமைச்சகம் அவ்வாண்டு ஜனவரியில் விடுத்த அறிவிக்கையைத் திரும்பப் பெறுமாறு கண்டித்த பின்னரே நீதிமன்றம் இவ்வரிசையைத் தானே வகுக்க நேர்ந்தது.

இவ்வட்டவணையை ஒரு நீதிபதி வகுத்தார் என்பதே இங்கு ஆராய வேண்டிய செய்தி. வயது, வறுமை, இழப்பு ஆகியவற்றை எடைபோட்டு, கருவூலத்தின் நிலையையும் கருதி, யாருக்கு எப்போது என்று முடிவு செய்வது ஆட்சிப் பணி. அதனைச் செய்து, நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று அதற்கு விளக்கம் தருவது ஓர் அமைச்சரின் கடமை. அப்படியொரு அமைச்சர் இந்தியாவில் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கென்று தனித்துறை உண்டு. 2004-இல் பாதுகாப்பு அமைச்சகத்துக்குள் அது உருவாக்கப்பட்டது. அதற்குச் செயலாளர் உண்டு. ஆனால், அத்துறை ஒன்றையே தம் பொறுப்பாகக் கொண்ட அமைச்சர் எவருமிலர். போர் விமானக் கொள்முதல் முதல் எல்லைச் சாலை வரை அனைத்தையும் பார்க்கும் பாதுகாப்பு அமைச்சரின் மேசையில் பல கோப்புகளுள் ஒன்றாக இதுவும் இருக்கிறது.

இதன் விளைவைக் காண்பதற்குப் பெங்களூருவை விடப் பொருத்தமான நகரம் தென்னிந்தியாவில் அரிது. மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையம் அல்சூர் ஏரிக்கரையில் உள்ளது. 1780-இல் சென்னையில் தோன்றிய அப்படைப்பிரிவின் வீரர்கள் இன்றும் ‘தம்பி’ என்றே அழைக்கப்படுகின்றனர். தமிழ்ச்சொல் ஒன்று இந்தியப் படையில் நிலைத்த பட்டப்பெயராக விளங்குவது மொழியாய்வாளர் நினைவிற்கொள்ளத் தக்கது. பாராசூட் படைப்பிரிவு, இராணுவக் காவல் படை, இராணுவச் சேவைப் படை, பயனியர் படை ஆகியவற்றின் பயிற்சி மையங்களும் இந்நகரிலேயே உள்ளன. பணி முடித்த பலர் இங்கேயே குடியமர்கின்றனர்.

அத்தகைய ஒருவரின் கோப்பு எத்தனை இடங்களில் சிதறிக் கிடக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். பணிப்பதிவு அவரது படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருக்கும். ஓய்வூதிய ஆணை பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையிடமிருந்து வரும். இப்போது அது ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணையவழி ஏற்பாட்டின் மூலம் நடைபெறுகிறது. மருத்துவம் 2003-இல் தொடங்கிய பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் பொறுப்பு. மறுவேலைவாய்ப்புக்கு வேறோர் இயக்ககம். மாவட்ட அளவிலான உதவிகளுக்குக் கர்நாடக அரசின் படைவீரர் நலத்துறை. அது மாநில உள்துறையின்கீழ் இயங்குகிறது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் செல்ல வேண்டும். கர்நாடகம் அதன் கொச்சி அமர்வின் எல்லைக்குள் அடங்குகிறது. ஒவ்வோர் அலுவலகமும் தன் பங்கைச் செய்துவிட்டதாகச் சொல்லக்கூடும். பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். முழுமைக்கும் பொறுப்பேற்பவர் எவரும் இல்லாதபோது, மனிதர் ஒருவர் பல கோப்புகளாகப் பிரிந்துவிடுகிறார்.

பொறுப்பாளர் இல்லாத இடத்தை நிரப்பியவை தெருவும் நீதிமன்றமும். 1973-இல் மூன்றாம் ஊதியக்குழுவைத் தொடர்ந்து தங்கள் ஓய்வூதிய விகிதம் குறைக்கப்பட்டது என்பது முன்னாள் வீரர்களின் நீண்டகால முறையீடு. 2011 டிசம்பரில் பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு ‘ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம்’ வழங்கப் பரிந்துரைத்தது. 2014 பிப்ரவரியில் இடைக்கால நிதிநிலை அறிக்கையில் ப.சிதம்பரம் அதனை ஏற்று 500 கோடி ரூபாய் ஒதுக்கினார். ஆட்சி மாறியது; ஆணை வரவில்லை. 2015 ஜூனில் தில்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் வீரர்கள் அமர்ந்தனர். செப்டம்பர் 5 அன்று மனோகர் பாரிக்கர் அறிவிப்பை வெளியிட்டார். நவம்பர் 7 அன்று ஆணை வந்தது. திட்டத்தின் வடிவம் சரியன்று என்று தொடுக்கப்பட்ட வழக்கில், 2022 மார்ச் 16 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தைச் செல்லும் என்று ஏற்றது. ஆனால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய மறுநிர்ணயத்தை 2019 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தி நிலுவையை மூன்று மாதங்களுக்குள் தருமாறு பணித்தது. மூன்று மாதம் ஓராண்டாக நீண்டதன் முடிவே தொடக்கத்தில் குறிப்பிட்ட கால அட்டவணை. கட்சி வேறுபாடின்றி ஆட்சிகள் பல கடந்தும், இக்கோரிக்கையை அரசுக்குள்ளிருந்து தொடர்ந்து ஏந்திச் சென்ற பதவி ஒன்றுகூட இருந்ததில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.

ஊனமுற்ற வீரர்களின் வழக்குகளோ இதைவிடக் கசப்பானவை. படையில் சேரும்போது மருத்துவப் பதிவில் இல்லாத நோய் பின்னர் தோன்றினால், அது பணியால் விளைந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், ஊன விகிதத்தை உயர்த்திக் கணக்கிடுவது தொடர்பான ஒன்றிய அரசின் மேல்முறையீடுகள் தொகுதியாகத் தள்ளுபடி செய்யப்பட்டன. வழக்குகளைக் குறைக்க வழிகாணுமாறு பாரிக்கர் 2015-இல் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தார். அக்குழு அவ்வாண்டே அறிக்கை தந்தது. எனினும், தீர்ப்பாயம் வீரருக்குச் சார்பாகத் தீர்ப்பளிப்பதும் அரசு அதனை எதிர்த்து மேலே செல்வதும் நின்றபாடில்லை. 2025-இலும் தில்லி உயர் நீதிமன்றம் அத்தகைய மனுக்களைப் பெருந்தொகையாகத் தள்ளுபடி செய்தது. ஒவ்வொரு மேல்முறையீட்டின் பின்னும் ஓர் அலுவலரின் கையொப்பம் உண்டு. அக்கையொப்பத்தை நிறுத்தும் அதிகாரம் உள்ளவராகவும், நிறுத்தாததற்கு அவையில் விடை சொல்பவராகவும் ஒருவர் இருந்தாலன்றி இச்சுழல் முடியாது.

இங்கே சொற்களையும் கவனிக்க வேண்டியுள்ளது. ஏனெனில், ஒரு துறை தன்னை எவ்வாறு பெயரிட்டுக்கொள்கிறதோ அவ்வாறே அதன் அமைச்சரும் நடந்துகொள்வார். 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தகுதி விதிகள், ஊனத்துடன் பணிக்காலம் முடித்து வெளிவருவோரைப் பொறுத்தவரை ‘டிசெபிலிட்டி’ என்ற சொல் நின்ற இடத்தில் ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்ற தொடரை வைத்தன. ஊனத்துக்குரிய ஓய்வூதியக் கூறு, குறைபாட்டுக்கான நிவாரணம் ஆகிவிட்டது. நிவாரணம் என்பது வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் அரசு மனமிரங்கித் தருவது. தமிழில் ‘முன்னாள் படைவீரர் நலத்துறை’. கன்னடத்தில் ‘சைனிக கல்யாண மத்து புனர்வசதி இலாகே’. தமிழ்ச் செவிக்குக் ‘கல்யாண’ என்பது திருமணமாக ஒலித்துப் புன்னகை வரவழைக்கலாம்; கன்னடத்தில் அது நலம். ‘புனர்வசதி’யும் தமிழ் அரசாணைகளின் ‘மறுவாழ்வு’ம் ஏறத்தாழ ஒரே பொருளன. தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாம்களுக்கும் குடிநோயர் மையங்களுக்கும் வழங்கும் சொல் இது. ஈழத்தில் போருக்குப் பின் தடுத்துவைக்கப்பட்ட முன்னாள் போராளிகள் ‘புனர்வாழ்வு’க்கு அனுப்பப்பட்டனர். வாழ்வு குலைந்தவர், வழிதவறியவர் என்று கருதப்படுவோருக்கான சொல்வரிசையில் பணியை முறையாக முடித்து வந்தவரும் நிறுத்தப்படுகிறார். ‘முன்னாள்’ என்பதும் அத்தகையதே. உறவு முடிந்துவிட்டது என்பதன்றி அச்சொல் வேறெதையும் சொல்வதில்லை. கன்னட ‘மாஜி’யின் மூலமான அரபுச் சொல்லுக்கும் ‘கடந்துபோனது’ என்பதே பொருள்.

இந்நிலத்தின் பழைய சொற்கள் இவ்வாறு இருக்கவில்லை. பெங்களூரு என்னும் ஊர்ப்பெயருக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சார்ந்த கல்வெட்டு. ‘பெங்களூரு’ப் போரில் ஒருவர் மடிந்த செய்தியே அதில் உள்ளது, நகரின் பெயர் வரலாற்றில் நுழைவதே ஒரு வீரனின் சாவோடுதான். பேகூரில் கிடைத்து இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ள மற்றொரு நடுகல், நாகத்தரன் போரில் வீழ்ந்ததையும், கங்க அரசன் எறெயப்பன் இருகன் என்பவனுக்குப் பட்டம் கட்டிப் பேகூர்ப் பன்னிரண்டு ஊர்களைக் ‘கல்நாடு’ என வழங்கியதையும் ஊர்ப்பெயர்களோடு பதிவு செய்கிறது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதற்காக, எவ்வளவு என்ற நான்கும் கல்லில் உள்ளன. வீழ்ந்தவர் குடும்பத்துக்குத் தரப்பட்ட நிலத்தைக் கன்னடக் கல்வெட்டுகள் ‘நெத்தரு கொடகெ’ என்றும் தமிழ்க் கல்வெட்டுகள் ‘உதிரப்பட்டி’ என்றும் குறிக்கின்றன. ‘நெத்தரு’ என்பது பழந்தமிழ் ‘நெய்த்தோர்’ என்பதன் இனச்சொல், பொருள், குருதி. எதற்கு ஈடாக இந்நிலம் என்பதைப் பெயரே அறிவித்துவிடுகிறது. பொன்முடியார் பாடிய புறநானூற்றுப் பாடல் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், போருக்குச் செல்லும் இளைஞன் என ஒவ்வொருவரின் கடமையையும் ‘கடன்’ என்ற ஒரே சொல்லால் வரிசைப்படுத்துகிறது. வேந்தனும் கடன்பட்டவனே.

இவற்றைப் பொற்காலச் சான்றுகளாகக் காட்டுவது தவறு. அக்கொடைகள் நிலவுடைமைச் சமூகத்தின் படிநிலைக்கு உட்பட்டவை. பெயரின்றி மடிந்த காலாள்கள் பலருக்குக் கல்லும் இல்லை, காணியும் இல்லை. இங்கு எடுத்துக்கொள்ள வேண்டியது கருத்தாக்கம் மட்டுமே. நலம் என்பது கொடுப்பவரின் விருப்பம். கடன் என்பது கொடுக்க வேண்டியவரின் கட்டாயம். இக்கருத்து இந்தியச் சட்டத்துக்கும் புதிதன்று. ஓய்வூதியம் அரசின் கருணைக்கொடை அன்று, அது பணியாற்றியவரின் உரிமை என்று 1982-இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உரைத்துவிட்டது. நீதிமன்றம் கடன் என்கிறது. நிர்வாகம் நலம் என்றும் நிவாரணம் என்றும் எழுதுகிறது. இவ்விரு மொழிகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் மேல்முறையீடுகள் விளைகின்றன.

அமைச்சர் ஒருவரை நியமித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பது நியாயமான ஐயம். உலக அனுபவம் இரு பக்கமும் பேசுகிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நிர்வாகம் 1989-இல் அமைச்சரவைத் தகுதி பெற்ற துறையாயிற்று. 2014-இல் ஃபீனிக்ஸ் நகர மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காத்திருந்தோர் பட்டியல் மறைக்கப்பட்டது வெளிவந்தபோது, துறைச் செயலர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். அவர் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர்; வியட்நாம் போரில் தம் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தவர். அவர் நேர்மையில் எவரும் ஐயுறவில்லை. இந்நிகழ்வில் இரு பாடங்கள் உள்ளன. முன்னாள் வீரரையே அமைச்சராக்கினால் போதும் என்ற பரவலான எண்ணம் தவறானது; அனுதாபம் நிர்வாகத்துக்கு மாற்றாகாது. மற்றொன்று, தவறு நேர்ந்தபோது விலகுவதற்கு அங்கே ஒருவர் இருந்தார். இந்தியாவில் ஓய்வூதிய நிலுவைக்காகவோ ஊனமுற்றோர் வழக்குகளுக்காகவோ எவரும் பதவி விலகியதில்லை; விலக வேண்டியவர் யார் என்பதே வரையறுக்கப்படவில்லை.

பிரித்தானியா மறுபக்கத்தைக் காட்டுகிறது. 2019-இல் அங்கு முன்னாள் படைவீரர் விவகார அலுவலகம் தொடங்கப்பட்டு, முன்னாள் படை அதிகாரியான ஜானி மெர்சர் பொறுப்பேற்றார். 2021-இல் விலகினார், 2022 ஜூலையில் அமைச்சரவைக் கூட்டங்களில் பங்கேற்கும் தகுதியோடு திரும்பினார், செப்டம்பரில் நீக்கப்பட்டார், அக்டோபரில் மீண்டும் அமர்த்தப்பட்டார். பிரதமரின் விருப்பத்தால் மட்டும் நிற்கும் பதவி, பிரதமர் மாறும்போதெல்லாம் ஆட்டங்காணும்.

இந்திய மாநிலங்களிலும் சான்றுகள் உண்டு. பஞ்சாப், அரியானா, உத்தராகண்ட், ராஜஸ்தான் ஆகியவற்றில் படைவீரர் நலம் ஓர் அமைச்சரின் துறைப்பட்டியலில் பெயரோடு இடம்பெறுகிறது. அரியானா ஒருபடி மேலே சென்று துணைப்படையினரையும் துறையின் பெயரில் சேர்த்துள்ளது. கர்நாடகத்திலும், பொதுத்துறையின்கீழ் இப்பணியை வைத்துள்ள தமிழ்நாட்டிலும் தனி அமைச்சர் இல்லை. ஆயினும், மாநில அமைச்சரால் தொடக்கூடியவை கருணைத்தொகை, வீட்டுமனை, இடஒதுக்கீடு, நினைவிடம் ஆகியவையே. ஓய்வூதியமும் ஊனச் சான்றும் பணிப்பதிவும் அவர் கைக்கு எட்டாதவை. எனவே அவர் கொடியேற்றும் நாளிலும், டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியல் நிதி திரட்டும் நிகழ்விலும் காணப்படுகிறார். அதிகாரமற்ற அமைச்சர் மாலையிடவே பயன்படுவார். அதனைக் குறை சொல்லி அவரை மட்டும் பழிப்பதில் பொருளில்லை.

பாதுகாப்பு அமைச்சரே போதுமானவர் என்ற வாதமும் உண்டு. பணியிலிருப்போரும் ஓய்வுபெற்றோரும் ஒரே குடும்பம், அவர்களை இரு அமைச்சர்களிடம் பிரிக்கலாகாது என்பது அதன் சாரம். உணர்வளவில் இது ஏற்கத்தக்கது. கணக்களவில் ஏற்க இயலாதது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட சுமார் 6.81 இலட்சம் கோடி ரூபாயில் சுமார் 1.60 இலட்சம் கோடி ஓய்வூதியத்துக்குரியது. ஓய்வூதியம் பெருகப் பெருகத் தளவாடங்களுக்கான பணம் சுருங்குகிறது என்ற கவலை ஒவ்வோர் ஆண்டும் எழுப்பப்படுகிறது. அக்கவலை பொய்யன்று. ஆனால், ஓய்வூதியத்தைச் சுமையாகக் காணும் இருக்கையும் அதனைக் கடனாகக் காத்துநிற்க வேண்டிய இருக்கையும் ஒன்றாகவே இருக்கும்போது, எந்தக் குரல் தாழும் என்பதை ஊகிக்க அரசியலறிவு மிகுதியாகத் தேவையில்லை.

ஆகவே, தேவைப்படுவது மற்றொரு பெரிய அமைச்சகம் அன்று. இருக்கும் துறைக்கே தனிப்பொறுப்புடன் கூடிய இணை அமைச்சர் ஒருவர் போதும். ஆனால், அவருக்கு மூன்று அதிகாரங்கள் எழுத்து வடிவில் வரையறுக்கப்பட வேண்டும். முதலாவது, முன்னாள் வீரருக்கோ அவர் குடும்பத்துக்கோ எதிராக அரசு செய்யும் எந்த மேல்முறையீடும் அவரது ஒப்புதலின்றித் தாக்கலாகக் கூடாது. ஒப்புதல் அளித்த வழக்குகளின் எண்ணிக்கையும் முடிவும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, பதிவு அலுவலகம் முதல் கணக்குத் துறை வரை சிதறிய கோப்புகளுக்குக் காலக்கெடு விதித்து விளக்கம் கேட்கும் அதிகாரம். மூன்றாவது, மாநிலங்களோடு முறையாகக் கூடிப் பேசும் பொறுப்பு. பாதுகாப்பு அமைச்சரின் தலைமையில் மத்திய சைனிக் வாரியம் ஏற்கெனவே உள்ளது. மாநிலத் துறைகளைக் கேள்வி கேட்கவும் அவற்றுக்கு விடை தரவும் கூடிய களமாக அதனை மாற்றுவது இயலாத செயலன்று.

இவ்விவாதம் பழைய தலைமுறைக்கு மட்டும் உரியதன்று. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்கீழ் சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே படையில் தொடர முடியும். முதல் அணியினரின் நான்காண்டுக் காலம் 2026 இறுதியிலிருந்து முடியத் தொடங்குகிறது. அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. சேர்க்கை அறிவிக்கையின்படி ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதியும் இல்லை. படையில் இருந்தவர், இப்போது இல்லாதவர். ஆயினும் முன்னாள் வீரர் அல்லர். அகராதிப் பொருளையும் சட்டப் பொருளையும் இவ்வளவு தூரம் விலக்கிவைத்த எடுத்துக்காட்டு அண்மைக்கால நிர்வாக மொழியில் அரிது. பயிற்சியில் அடைந்த காயம் ஐந்தாண்டுக்குப் பின் வெளிப்பட்டால், அந்த இருபத்தைந்து வயது இளைஞர் எந்தக் கதவைத் தட்டுவார்? மாநிலங்கள் காவல்துறையிலும் பிற பணிகளிலும் இடம் தருவதாகச் சொல்வது வேலைவாய்ப்பு குறித்த விடை. பொறுப்பு குறித்த விடை அன்று.

அரசறிவியல், சட்டம், மொழியியல் ஆகிய மூன்று துறை மாணவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. தீர்ப்பாய ஆணைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. விதிகளின் பழைய வடிவமும் புதிய வடிவமும் கிடைக்கின்றன. எந்தச் சொல் எப்போது மாறியது, அம்மாற்றத்துக்குப் பின் எத்தகைய கோரிக்கைகள் மறுக்கப்பட்டன என்பதை ஒப்பிட்டுக் காட்ட இயலும். அரசு தன் முன்னாள் வீரர்களுக்குக் கடன்பட்டுள்ளதா, அல்லது அவர்கள்மீது இரக்கம் கொண்டுள்ளதா என்ற கேள்விக்குத் தலைவர்களின் உரைகளில் விடை கிடைக்காது. அங்கே எல்லோரும் வணங்குகிறார்கள். அந்த விடை மேல்முறையீட்டு மனுக்களில் இருக்கிறது. அவற்றில் கையொப்பமிட ஒப்புதல் தந்தவர் இவரே என்று சுட்டிக்காட்டத்தக்க ஓர் அமைச்சர் வரும்வரை, ஓய்வூதியத் தவணைகளை நீதிபதிகளே வகுத்துக்கொண்டிருப்பர்.